அடிக்கிற மிஷின், திருப்புகிற மிஷின்

என் அம்மாவின் வேலை கம்பியைத் திருப்புவது. அப்பாவின் வேலை அதன் தலையில் சம்மட்டியால் அடிப்பது.

பாறையில் துளை போட இரண்டு பேர் வேண்டும். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து எஃகுக் கம்பியைப் பாறைமேல் நேராக நிறுத்திப் பிடித்துக்கொள்வாள். அப்பா அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் அம்மா கம்பியைக் கொஞ்சம் திருப்பிவிடுவாள். திருப்பாவிட்டால் முனை ஒரே தடத்தில் விழுந்து மாட்டிக்கொள்ளும். நடுநடுவே துளைக்குள் தண்ணீர் ஊற்றுவாள். கல்தூள் சேறாகி மேலே வரும், கம்பியும் சூடேறாது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்கள் இருவரும் இப்படித்தான் எதிரும் புதிருமாக உட்கார்ந்தும் நின்றும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வேலி நடுகிறவர்கள், கிணற்று வாயில் இரும்பு பொருத்துகிறவர்கள், படிக்கட்டு வைக்கிறவர்கள் என்று வடக்கனந்தல் சுற்றுப்பக்கத்தில் யாருக்குப் பாறையில் துளை வேண்டுமென்றாலும் எங்கள் தெருவுக்கு வருவார்கள்.

நான் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அதோடு நிற்காமல் கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் போய்வந்து இயற்பியலில் பட்டமும் வாங்கினேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. சொல்லாமல் இருந்தால்தான் என் அம்மாவுக்குக் கோபம் வரும்.

படிப்பு முடிந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த நேரத்தில்தான் ஒரு மேஸ்திரி வந்தார். கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்தில், ஓர் அருவிக்கு இறங்கும் பாதையில் இரும்புக் கைப்பிடி நடும் வேலையை எடுத்திருந்தார். ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒரு தகடு. தகட்டுக்கு நான்கு போல்ட். அத்தனை போல்ட்டுக்கும் பாறையில் விரல் மொத்தத்துக்குத் துளை வேண்டும்.

“கையால அடிக்கிறதெல்லாம் ஆவாதுப்பா. அவ்ளோ சின்னத் தொளை உன் கம்பியில வராது. மிஷினு வாங்கினா வேலை உனக்கு. இல்லன்னா சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்” என்றார்.

அப்பா உடனே வாங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவருக்கு ரொம்ப நாளாகவே அந்த ஆசை இருந்தது. மேஸ்திரி போனபின் அம்மா அரிசி களைந்துகொண்டே என்னைக் கேட்டாள்.

“அந்த மிஷினு அடிக்குமா, திருப்புமா?”

“ரெண்டும் அதுவே பண்ணும்மா. அடிச்சிக்கினே திருப்பும்.”

அம்மாவின் கை பாத்திரத்துக்குள்ளேயே நின்றது. “அப்ப நான் இன்னாத்துக்கு?”

“நீ தூளு வாரு” என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

“தூளு வாரவாய்யா இத்தினி வருசமா உன் சம்மட்டிக்குக் கீழ கைய நீட்டிக்கினு ஒக்காந்திருந்தேன்? ஒரு அடி தவறியிருந்தா என் விரலு போயிருக்கும்.”

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ரோட்டரி ஹேமர் என்கிற அந்த மிஷின் அப்பாவின் வேலையை மட்டும் செய்யப்போவதில்லை. அப்பாவாவது அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அம்மாவின் இடம் அடியோடு போய்விடும். பக்கத்துத் தெருவில் ஓர் அத்தைக்கு அதுதான் நடந்தது. அவர் வீட்டில் மிஷின் வந்தது. அவர் கைக்கு அன்னக்கூடை வந்தது. அதன்பின் மேஸ்திரிகள் அவரைக் கூப்பிடுவதே சித்தாள் கணக்கில்தான்.

மிஷின் வாங்கத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அம்மா பிடிக்கக்கூடிய மிஷினாக வாங்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. போனை எடுத்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

பெயரில் ஹேமர் இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பது முதலில் தெரிந்தது. சுவரில் ஆணிக்குத் துளை போட வீட்டுக்கு டிரில் வாங்குகிறார்களே, அதற்குள் இரண்டு பல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் தடதடக்கும். அடி அவ்வளவுதான். பின்னாலிருந்து நாம்தான் உடம்பைக் கொடுத்துத் தள்ள வேண்டும். ரோட்டரி ஹேமரில் அப்படி இல்லை. உள்ளே ஒரு பிஸ்டன் ஓடி, காற்றை அழுத்தி, ஓர் எடையைத் தூக்கி பிட் என்கிற திருகுக் கம்பியின் முதுகில் போடுகிறது. சம்மட்டி மிஷினுக்குள்ளேயே இருக்கிறது. நாம் பிடித்துக்கொண்டால் போதும்.

அடியின் பலத்தை ஜூல் என்று எழுதியிருந்தார்கள். கல்லூரியில் ஜூலைப் பரீட்சைக்காகப் படித்தேன். அது என் அம்மாவின் மணிக்கட்டுக்குப் பயன்படும் என்று அப்போது நினைத்ததில்லை. விரல் மொத்தத் துளைக்கு மூன்று ஜூல் தாராளம். மூன்று கிலோ எடையுள்ள மிஷினிலேயே அது கிடைக்கிறது. பிட் சிக்கிக்கொண்டால் மிஷின் கையை முறுக்காமல் விட்டுக்கொடுக்கும் கிளட்ச் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மேஸ்திரிக்கு போன் போட்டு, மலைக்கு அவர் கொண்டுவரும் ஜெனரேட்டர் எவ்வளவு கே.வி.ஏ. என்று கேட்டேன்.

“உனக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்?”

“மிஷினு அதுல ஓடணும் இல்லீங்க?”

அவர் யாரையோ கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னார். சின்ன ஜெனரேட்டர். இரண்டு பேர் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குகிற அளவு. பெரிய மிஷினைப் போட்டால் அது திணறி நின்றுவிடும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவிடம் சொல்ல இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம். எங்கள் பக்கத்தில் டீக்கடை, பஸ், ரேஷன் வரிசை எங்கும் அதே பேச்சு. ஒரு நாள் ஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்கும், இன்னொரு நாள் அதை எதிர்த்து நடக்கும். நாங்கள் மிஷின் வாங்கப் போன அன்றும் பஸ் கள்ளக்குறிச்சிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

“இதுக்கு மேல போவாது. முன்னாடி ரோட்டுல ஒக்காந்துக்கினு இருக்காங்க. எல்லாம் எறங்கி நடங்க” என்றார் கண்டக்டர்.

நடந்தோம். வழியில் டீ குடிக்க நின்றபோது, அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். “பாப்பா படிச்ச பொண்ணாச்சே. நீ சொல்லும்மா, இதுல நம்மளுக்கு எத்தினி வரும்? ஜாஸ்தியா கம்மியா?”

“இரு இரு” என்றார் அப்பா. “மொதல்ல மிஷினு எத்தினி வாட்டுன்னு சொல்லட்டும். அப்பறம் உனக்கு வரலாம்.”

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். பெஞ்சில் இருந்த நான்கு பேருக்கும் நிறுத்தி நிதானமாக விளக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். அம்மா தன் டீ ஆறிப்போனதைக் கூடக் கவனிக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் தடித்த கண்ணாடி போட்ட பெரியவர். முதலில் பளபளவென்று ஒரு டிரில்லை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இதுவும் ஹேமர்தாம்மா. செவுத்துல வெச்சா சும்மா உள்ள போய்க்கினே இருக்கும்.”

“செவுத்துக்கு இல்லீங்க. கருங்கல்லுக்கு.”

அவர் அதை எடுத்து உள்ளே வைத்தார். அந்த நேரத்தில் தெருமுனையில் கோஷம் கேட்டது. ஊர்வலம் திரும்பி அந்தத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் ஓடிப்போய் ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டு வந்தார். “ஒக்காருங்க. அவங்க போற வரைக்கும் நீங்களும் வெளிய போவ முடியாது, யாவாரமும் வராது.”

இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. வேறு நாளாக இருந்தால் அட்டைப் பெட்டியைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார். “சும்மாதான இருக்கோம், எல்லாத்தையும் ஓட்டிப் பாக்கலாங்களா?” என்று கேட்டேன். அவருக்கும் பொழுது போக வேண்டியிருந்தது. மூலையில் கிடந்த கான்கிரீட் கட்டையைக் காலால் நடுவுக்குத் தள்ளினார்.

அப்பா நேராகப் போய் இருப்பதிலேயே பெரியதைத் தூக்கினார். “இதாம்மா மிஷினு. பாத்தாலே மேஸ்திரி கேள்வி கேக்க மாட்டான்.” ஓட்டினார். கட்டை அதிர்ந்தது, தரை அதிர்ந்தது, அலமாரியில் இருந்த நட்டுகள் குதித்தன. ஷட்டருக்குக் கீழே ஒரு தலை குனிந்து பார்த்தது.

“இன்னாப்பா, உள்ள வெடி வெக்கிறீங்களா? நாங்களே அமைதியாப் போய்க்கினு இருக்கோம்.”

“ஒண்ணும் இல்ல தம்பி, யாவாரம், யாவாரம்” என்று கடைக்காரர் கையை ஆட்டினார்.

நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா அந்தப் பெரிய மிஷினைத் தூக்கினாள். முழங்கை மடங்கிக் கீழே போனது. “இத்தத் தூக்கறதுக்கே தனியா ஒரு ஆளு வெக்கணும் போல இருக்குதே” என்றாள்.

“நீங்க ஏம்மா அவங்களத் தூக்கச் சொல்றீங்க? ஐயாதான புடிக்கப் போறாரு?” என்றார் கடைக்காரர்.

“இல்லீங்க. எங்க வூட்ல இவங்கதான் புடிக்கப் போறாங்க.”

இதை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். வெளியே கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள்.

நான் அந்த மூன்று கிலோ மிஷினைக் காட்டினேன். பிட்டை உள்ளே தள்ளினால் தானே பூட்டிக்கொள்ளும் வகை. கிளட்ச் இருந்தது. பக்கவாட்டில் இன்னொரு கைப்பிடி இருந்தது; எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வைத்துக்கொள்ளலாம். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கம்பியை நிறுத்துவது போலவே பிட்டைக் கட்டைமேல் நேராக நிறுத்தினாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். விசையை அழுத்தினாள். துளை விழுந்தது. நிறுத்திவிட்டு, துளையின் வாயை விரலால் தடவிப் பார்த்தாள்.

“கைக்கு அடங்குது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

“கான்க்ரீட்டுல போவும். மலைக் கல்லுல இது பொம்மை மாதிரி நிக்கும்” என்றார் அப்பா. நான் ஜூல், வாட், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “பாப்பா சொல்றது சரிங்க” என்றார். அப்பா கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார்.

“சரி, இப்படி வெச்சிக்கலாம். மலையில போயிப் பாப்போம். கல்லுல எறங்குச்சின்னா அவ புடிக்கட்டும். எறங்கலன்னா இத்தக் குடுத்துட்டு பெருச எடுத்துக்கறது. அப்ப நான்தான் புடிப்பேன். அதுக்கப்பறம் யாரும் பேசக் கூடாது.”

ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். ஷட்டரைத் தூக்கியபோது தெரு காலியாகக் கிடந்தது. பெட்டியை அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மலைக்கு நானும் போனேன். தேர்ந்தெடுத்தது நான் என்பதால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அருவிப் பாதையில் ஜெனரேட்டரை ஒரு மரத்தடியில் வைத்து, வயரை இழுத்துவிட்டு, மேஸ்திரி வேறு வேலையாகக் கரியாலூருக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொன்னார். தூண் வரவேண்டிய இடங்களில் சுண்ணாம்பால் புள்ளி வைத்திருந்தது. கொரோனாவுக்கு வாங்கிய முகக்கவசங்கள் வீட்டில் நிறைய இருந்தன. ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டோம்.

அம்மா உட்கார்ந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டாள். பிட்டை நிறுத்தி அழுத்தினாள். பிட் கொஞ்சம் இறங்கியது. அம்மா நிறுத்திவிட்டுத் துளைக்குள் தண்ணீர் ஊற்றினாள். மறுபடி அழுத்தினாள். சாம்பல் நிறத்தில் குழம்பு மாதிரி ஏதோ பொங்கி வந்தது. பிட் சுற்ற முடியாமல் திணறியது. கடகடவென்று கிளட்ச் நழுவும் சத்தம் கேட்டது. நின்றுவிட்டது.

“இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து” என்றார் அப்பா.

ஊற்றினாள். இன்னும் மோசமானது. இரண்டு பேரும் சேர்ந்து மிஷினைப் பிடித்து ஆட்டி ஆட்டித்தான் பிட்டை வெளியே எடுக்க முடிந்தது. அதன் பள்ளங்களெல்லாம் சேறு அடைத்துக் கெட்டியாகியிருந்தது. அடுத்த புள்ளியிலும் அதே கதை. அப்பா தானே வாங்கிப் பார்த்தார். நெஞ்சைக் கொடுத்து மேலே சாய்ந்து அழுத்தினார். ஒரு விரற்கடை போனது. நின்றது.

“நான் அப்பவே சொன்னேன். கல்லுக்கு இது ஆவாது” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “மேல ரோட்டுக்குப் போயி சிக்னலு கெடைக்குதான்னு பாக்கறேன். கடக்காரருகிட்ட சொல்லி வெக்கிறேன், நாளைக்கிப் பெருச எடுத்தாந்துடலாம்.”

அவர் படியேறிப் போனார். அம்மா பிட்டில் ஒட்டிய சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் எந்தக் கணக்கில் தப்பினேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஜூல் சரி. வாட் சரி. பிட் புதுசு. தண்ணீர் என் நினைவுக்கே வரவில்லை. பாறையில் துளை என்றால் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டில் சோற்றுக்கு உப்புப் போடுவது மாதிரி. அதை யாராவது கேள்வி கேட்பார்களா? பாட்டில் காலியாகிவிட்டது என்று நானே அதை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கினேன்.

பாதி ஏறி வரும்போது மிஷின் சத்தம் கேட்டது. காலையில் கேட்ட இழுத்துப் பறிக்கிற சத்தம் இல்லை. ஒரே சீராக, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. வேகமாக ஏறினேன். அம்மாவின் புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது. கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அவள் முன்னால் ஒரு தகட்டுக்கான நான்கு துளைகளில் மூன்று முடிந்திருந்தன. நான்காவதில் பிட் பாதிக்கு மேல் போயிருந்தது.

“தண்ணி ஊத்தாதடி!” என்று கத்தினாள். “நீ வர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு வெறுமனே வெச்சிப் பாத்தேன். தூளு தானா மேல வந்துக்கினே இருக்குது, மாவு மில்லுல கொட்ற மாதிரி.”

பார்த்ததும் புரிந்துவிட்டது. பிட்டில் திருகுத் திருகாக இருக்கும் பள்ளம் எதற்கு? காய்ந்த தூளை மேலே ஏற்றிக் கொண்டுவரத்தான். நாங்கள் அதில் தண்ணீரை ஊற்றி, சிமெண்ட் மாதிரி குழைத்து அடைத்திருக்கிறோம். கையால் அடிக்கும்போது தண்ணீர்தான் தூளை வெளியேற்றும். இங்கே தண்ணீரே தூளுக்குப் பூட்டு. மின்சாரம் ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து பாட்டில் பாட்டிலாக வேறு ஊற்றியிருக்கிறோம். பாட்டிலைத் தூரக் கொண்டுபோய் வைத்தேன்.

அப்பா இறங்கி வந்தார். “கடக்காரரு எடுத்தாரச் சொல்லிட்டாரு” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அம்மா போட்ட துளைகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். குனிந்து ஒரு கம்பியை எடுத்து ஒவ்வொரு துளையிலும் விட்டு ஆழம் பார்த்தார். நான்கிலும் விட்டுப் பார்த்தார்.

“இந்த எடத்துல கல்லு இளகின கல்லா இருக்கும்” என்றார்.

“அதே கல்லுதான்யா. தண்ணிதான் இல்ல.”

அப்பா மிஷினை வாங்கி அடுத்த புள்ளியில் வைத்து, தண்ணீர் இல்லாமல் அழுத்தினார். இறங்கியது. ஆனால் உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டிருந்ததால் மிஷின் முக்கி முனகியது.

“ஏறி ஒக்காராதய்யா, அது இன்னா வண்டி மாடா? சும்மா புடிச்சிக்கினு இரு. அடிக்கிறத அது பாத்துக்கும்.”

சம்மட்டி தூக்கிப் பழகிய உடம்புக்குச் சும்மா பிடித்துக்கொண்டிருப்பது வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி சாய்ந்துவிடுவார். அம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அடியை இன்னொருவருக்கு விட்டுவிட்டுக் கம்பியை நேராக வைத்திருப்பதுதானே அவள் இதுவரை செய்த வேலை. அப்பா இரண்டு துளை போட்டுப் பார்த்தார். பிறகு மிஷினை அவளிடம் நீட்டினார்.

“இந்தா, நீயே புடி. எனக்குத் தோளு வலிக்குது” என்றார். தோள் வலித்ததாக எனக்குத் தெரியவில்லை.

துளைகள்மேல் தூணின் தகட்டை வைத்து, போல்ட்டை இறக்கிச் சுத்தியால் அடித்து, நட்டை முறுக்கும் வேலை அவருடையதானது. அதை அவர் அழகாகச் செய்தார். ஒவ்வொரு போல்ட்டும் ஒரே உயரத்தில் நின்றது. மதியத்துக்குப்பின் அம்மா அவரை விட்டு நான்கு தூண் முன்னால் போய்விட்டாள். “கொஞ்சம் நில்லுமே, எங்கயாவது பஸ்ஸப் புடிக்கப் போறியா?” என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அம்மா காதில் விழாத மாதிரி அடுத்த புள்ளிக்கு நகர்ந்தாள்.

சாயங்காலம் மேஸ்திரி வந்து தூண்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை. யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. அவர் வந்தபோது அம்மா பிட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வேலை நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை மேஸ்திரியிடமிருந்து அப்பாவுக்கு போன் வந்தது. திருக்கோவிலூரில் ஒரு கட்டடத்தில் கான்கிரீட் தளத்தில் துளை போட வேண்டுமாம்.

“மிஷின மட்டும் குடுத்தனுப்புப்பா. ஆளு எங்கிட்ட இருக்கான், அவன் புடிச்சிப்பான்” என்று ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

எனக்குத் திக்கென்றது. அப்பா சம்மதித்துவிட்டால் மறுபடியும் பழைய கேள்விதான்: அப்ப நான் இன்னாத்துக்கு?  அப்பா போனை அப்படியே கொண்டுபோய், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். “நீயே சொல்லு. மிஷின்காரி நீதான?”

அம்மா கீரையைக் கீழே வைக்கவில்லை. “மிஷினு தனியா எங்கயும் போவாது மேஸ்திரி. நான் வந்தா அதுவும் வரும்.”



“சரிம்மா. காலையில வண்டி அனுப்பட்டுமா?”

“அனுப்புங்க. ரெண்டு பேருக்கு எடம் வெச்சி அனுப்புங்க. போல்ட்டு அடிக்க ஆளு வேணும் இல்ல?”